கொம்பனி மொழிக்கு ஓர் அகராதி

ஆங்கிலம் கற்றுவிட்டால் அமெரிக்காவில் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பி வந்தவர்கள் நாம். இர்விங் நகரின் லாஸ் கொலினாஸ் பகுதியிலுள்ள கண்ணாடிக் கட்டடங்களுள் நுழைந்த பின்னரே, அங்கு வழங்குவது வேறொரு மொழி என்பது புலனாகின்றது.

"எனக்குப் பான்ட்வித் இல்லை" என்று மேலாளர் சொன்னால் அவருக்கு நேரமில்லை என்று பொருள். "இதனை ஓஃப்லைனில் பேசுவோம்" என்றால், கூட்டத்தில் மேற்கொண்டு வாய் திறவாதீர் என்று பொருள். இலகுவில் முடிக்கத்தக்க வேலைக்குத் "தாழத் தொங்கும் பழம்" என்று பெயர். எங்கள் ஊர் வளவுகளில் அத்தகைய பழத்தை ஆடு எப்போதோ தின்று முடித்திருக்கும்!

இவை பாதகமற்றவை, சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்கவியலாத சொற்களும் உள.

"சினெர்ஜி" என்பதன் கிரேக்க வேர்ப்பொருள் "கூடி உழைத்தல்". 1998 டிசெம்பரில், அந்நாளில் இர்விங்கைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த எக்ஸொன் நிறுவனம் மொபிலுடன் இணையப்போவதாக அறிவித்தபோது இச்சொல்லே முன்னின்றது. ஆண்டுக்கு 280 கோடி டொலர் மிச்சமாகும் என்றனர். ஏறத்தாழ 9,000 வேலைகள் குறையும் என்றனர். 1999 நவம்பர் 30ஆம் நாள் இணைப்பு நிறைவேறியது. அடுத்த மாதமே மிச்சம் 380 கோடியாகவும், வேலைக்குறைப்பு ஏறத்தாழ 16,000 ஆகவும் உயர்ந்தன. உழைப்பவரை வெளியேற்றுவதற்குக் "கூடி உழைத்தல்" என்று பெயர் சூட்டியவரின் நாவன்மையை மெச்சத்தான் வேண்டும். எக்ஸொன்மொபில் 2023இல் ஹூஸ்ரன் பக்கம் பெயர்ந்துவிட்டது. சொல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இர்விங்கில் தலைமையிடம் கொண்ட கிம்பர்லி-கிளார்க் 2018 ஜனவரியில் 5,000 முதல் 5,500 வரையான வேலைகளைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. அதற்கு இட்ட பெயர் "மறுசீரமைப்பு". கண்ணீர் துடைக்கும் க்ளீனெக்ஸ் கடதாசியும் அவர்களுடையதே.

"லெட் கோ" என்பதோ இன்னும் விசேடம். ஊழியர் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடத் துடித்தது போலவும், கொம்பனி மனமிரங்கி அவிழ்த்துவிட்டது போலவும் ஒரு தோற்றம். வில்லியம்ஸ் சதுக்கத்தில் நீரைக் கிழித்து ஓடும் ஒன்பது வெண்கலக் குதிரைகளும் இவ்வாறு அவிழ்த்துவிடப்பட்டவைதாமோ, அறியோம்.

மென்சொற்களின் இயல்பு நமக்குப் புதிதன்று. 2009இல் முட்கம்பிக்குள் மக்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாம்களை இலங்கை அரசு "நலன்புரிக் கிராமங்கள்" என்றே அழைத்தது. அதன் பொருள் நமக்கு உடனே விளங்கிற்று. கொம்பனிக் கடிதமும் அவ்வாறே வாசிக்கப்பட வேண்டியது. "உங்கள் பதவி தாக்கமுற்றுள்ளது" என்றிருந்தால் வேலை போய்விட்டது. "ட்ரான்சிஷன்" என்றிருப்பதை இடமாற்றம் என்று எண்ணி வீட்டிலுள்ளோர் மகிழ்ந்துவிடக் கூடாது.

"செவரன்ஸ்" பணத்துக்கான ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையொப்பமிடத் தேவையில்லை. கூட்டாக ஆட்குறைப்புச் செய்யும்போது, 40 வயதை எட்டியவர்களிடம் வயதுப் பாகுபாட்டு வழக்குரிமையையும் விட்டுக்கொடுக்கக் கேட்டால், யோசிப்பதற்கு 45 நாட்களும், ஒப்பமிட்ட பின் மனம் மாறுவதற்கு 7 நாட்களும் தரவேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். வேலையிழப்பு உதவிக்கு ரெக்சாஸ் தொழிலாளர் ஆணைக்குழுவிடம் அந்த வாரமே விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் கழிந்த வாரங்களுக்குரிய பணம் கிடைப்பது அரிது. விண்ணப்பத்தில், வேலை நீங்கிய காரணம் கேட்பார்கள். அவ்விடத்தில் "ட்ரான்சிஷன்" என்று எழுதவேண்டாம். "லேஓஃப்" என்றே எழுதுங்கள்.