மூணு விரல் போகுதா?

நம்ம தோட்டங்கள்ல அம்மாயி "வாயைத் திறக்க முடியல"ன்னு சொன்னா, வீட்டுல பதில் ரெடியா இருக்கும்: வயசாயிருச்சு, பல்லு சரியில்ல, உறைப்பு ஒத்துக்கல. இந்த மூணு பதிலையும் சொல்லிச் சொல்லியே ஒரு நோயை லயத்துக்குள்ள வளர விடுறோம்.

பல்லில் சீழ் வைத்தாலும், தாடை மூட்டில் கோளாறு வந்தாலும் வாய் திறப்பது குறையும். ஆனால் பல வருசமா வெத்தலை போடுறவங்க விசயத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது 'ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்' என்ற நோயை. பாக்கிலுள்ள அரிக்கோலின், கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவை அளவுக்கு மீறி வளர வைக்கிறது. முதலில் கறி வாயில் பட்டாலே எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, கயிறு மாதிரி இறுகும். கடைசியில் சோத்து உருண்டை உள்ளே போகாது.

"போயிலைதான் கெட்டது, வெறும் பாக்கு ஒண்ணும் செய்யாது"ன்னு ஒரு நம்பிக்கை இருக்கே, அது தப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004லேயே பாக்கைத் தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது. கேரளாவின் எர்ணாகுளத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 வருட காலத்தில் கவனித்தார்கள். அதில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. பஸ் ஸ்டாண்டில் பீடாவும் பாபுலும் வாங்கும் நம்ம வயசுப் பசங்களும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

ஆனா "வெத்தலையை விடுங்க"ன்னு கெம்பஸ்ல இருந்து சொல்றது ரொம்ப லேசு. பனியிலும் மழையிலும் கொழுந்தெடுக்கிறவங்களுக்குப் பசியையும் குளிரையும் மறக்க வைக்கிறது அந்த ஒரு வாய் வெத்தலைதான். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குப் பேர் விழாது. எரிச்சலுக்காக யார் ஒரு நாள் சம்பளத்தை விடுவாங்க?

அதனால பரிசோதனைதான் பெரட்டுக்களத்துக்கு வரணும். இது நடக்காத காரியமில்லை. 1980களின் தொடக்கத்தில் இதே இலங்கையில் 34 ஆரம்ப சுகாதார ஊழியர்கள் ஒரே வருசத்தில் 28,000க்கும் அதிகமானோரின் வாயைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பெரிய மெசின் தேவைப்படவில்லை, பயிற்சியும் வெளிச்சமும் போதும். தோட்ட மருத்துவ உதவியாளரும் பிள்ளைக்காம்பரா பொறுப்பாளரும் இதைக் கத்துக்க முடியாதா? ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுறவங்களுக்கு அன்றைய பேரைக் கம்பனி போடணும்னு தொழிற்சங்கம் கேட்கக் கூடாதா?

சீக்கிரம் கண்டுபிடிக்கிறதுதான் முக்கியம். ஏன்னா இறுகின நார் பழையபடி முழுசா இளகாது. பாக்கை நிறுத்தினா மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். வாய்ப் பயிற்சியும் கன்னத்தில் போடும் ஊசியும் திறப்பைக் கொஞ்சம் கூட்டும். முத்தினா அறுவைச் சிகிச்சைதான். அதுக்குப் பிறகும் பயிற்சியை விட முடியாது, புற்றுநோய்க்கான கண்காணிப்பையும் விட முடியாது.

அதுவரைக்கும் நம்மளால செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. லீவுக்கு வீட்டுக்குப் போனா, வெத்தலை போடுறவங்களைத் தங்களோட மூணு விரலைச் சேர்த்து, முன்பல்லுக்கு நடுவுல நெட்டுக்குத்தா வைக்கச் சொல்லுங்க. போகலைன்னா, வயசு மேல பழி போடாம பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.