ஞாயிறு காலை மட்டும் போதாது: பெங்களூருவின் தெருக்கள் யாருக்கு?

2013 அக்டோபரில் பெங்களூருவின் கப்பன் பூங்காவில் ‘சைக்கிள் தினம்’ தொடங்கப்பட்டது. கர்நாடக அரசின் நகர நிலப் போக்குவரத்து இயக்குநரகமும், குடிமக்கள் அமைப்புகளும், சைக்கிள் ஆர்வலர் குழுக்களும் இணைந்து அதை நடத்தின. ஞாயிற்றுக்கிழமை காலை சில மணி நேரம் மோட்டார் வாகனங்கள் தடுத்து நிறுத்தப்படும். குழந்தைகள் நடுச்சாலையில் சைக்கிள் ஓட்டுவார்கள். முதியோர் அச்சமின்றி நடப்பார்கள். பின்னர் நகரின் பல குடியிருப்புப் பகுதிகளுக்கும் இந்நிகழ்ச்சி பரவியது. கப்பன் பூங்காச் சாலைகள் ஞாயிறுதோறும் வாகனங்களுக்கு மூடப்பட்டன. 2020 நவம்பரில் தொடங்கி சில மாதங்கள், வார இறுதி நாட்களில் சர்ச் தெருவும் வாகனமின்றி விடப்பட்டது.

இவை வரவேற்கத்தக்க முயற்சிகள். மேல்தட்டு நடுத்தர வர்க்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று இவற்றைக் கேலி பேசி ஒதுக்கும் போக்கு இடதுசாரிகள் சிலரிடமும் உண்டு. அது தவறு. கார் இல்லாவிட்டால் தெருவில் குழந்தை விளையாட முடியும், மூச்சு விட முடியும், அண்டை வீட்டாருடன் நின்று பேச முடியும் என்பதை எந்தப் பிரச்சாரத்தையும்விடத் தெளிவாக அந்தக் காலைப் பொழுது காட்டிவிடுகிறது. கார்களின் ஆதிக்கம் இயற்கை நியதியல்ல, மாற்றக்கூடிய ஓர் அரசியல் முடிவுதான் என்பதை அரசின் ஒரு துறையே ஒப்புக்கொள்கிறது.

ஒப்புக்கொண்ட அதே அரசு, திங்கட்கிழமை காலையில் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

திங்கட்கிழமையின் சைக்கிள்

சைக்கிள் ஓட்டுவதற்கு இந்திய உழைப்பாளி மக்களுக்கு யாரும் விழிப்புணர்வு ஊட்ட வேண்டியதில்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயம், வீட்டுத் தொழில் சாராத உழைப்பாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்தே வேலைக்குச் சென்றனர். சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் சென்றனர். காரில் சென்றவர்கள் 3 சதவீதத்திற்கும் குறைவு. ஆனாலும் நகரங்களின் சாலைகள் அந்த 3 சதவீதத்தினரை மனதில் வைத்தே அகலப்படுத்தப்படுகின்றன, மேம்பாலங்கள் எழுப்பப்படுகின்றன, நடைபாதைகள் வெட்டிக் குறைக்கப்படுகின்றன.

இதற்கான விலையை உயிராகக் கொடுப்பவர்கள் யார்? ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் மாண்டனர். அவர்களில் பாதசாரிகள் மட்டும் 32,825 பேர். அதாவது, கால்நடையாகச் சென்ற ‘குற்றத்திற்காக’ நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர் கொல்லப்பட்டனர். விடியலில் பால் பாக்கெட் போடுபவர், இரவு வேலை முடிந்து திரும்பும் காவலாளி, கட்டுமானத் தொழிலாளி, வீட்டு வேலைக்குச் செல்லும் பெண், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்குச் சாலைப் பாதுகாப்பு வாழ்வா சாவா என்ற பிரச்சனை. அவர்களுடைய சைக்கிளுக்கு எந்த இயக்குநரகமும் கொடியசைப்பதில்லை.

இதில் தூரமும் ஒரு வர்க்கப் பிரச்சனை. சைக்கிள் தினம் தொடங்கிய அதே 2013ஆம் ஆண்டின் ஜனவரியில், கோரமங்களாவை ஒட்டிய எஜிபுராவில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பைப் பெருநகர மாநகராட்சி புல்டோசர்களைக் கொண்டு இடித்தது. சுமார் 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் தலித்துகளும் தமிழ் பேசும் உழைப்பாளிகளும் கணிசமானோர். அந்த நிலத்தில் தனியார் நிறுவனம் ஒன்று வணிக வளாகம் கட்டுவதற்கு ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது. கோரமங்களாவின் வீடுகளுக்கு நடந்தே சென்று வேலை செய்த பெண்களிடம், சர்ஜாபூர் சாலைப் பக்கம் சூளிகுண்டேயில் வீடு தருவதாகச் சொன்னார்கள். பல குடும்பங்கள் நடைபாதையிலேயே தங்கின. வேலை செய்யும் இடத்திலிருந்து ஏழைகளை நகரத்தின் விளிம்புக்குத் துரத்திவிட்டு, ‘நடந்து செல்லுங்கள், சைக்கிளில் செல்லுங்கள், காற்றைக் காப்பாற்றுங்கள்’ என்று உபதேசம் செய்வது எத்தகைய மோசடி!

பாதைக்கு இடமில்லை, சுரங்கத்திற்குப் பணம் உண்டு

பெங்களூருவில் சைக்கிள் பாதைகள் போடப்படாமல் இல்லை. 2012 வாக்கில் ஜெயநகரில் போடப்பட்ட பாதைகள் கார் நிறுத்துமிடங்களாக மாறின. 2019 அக்டோபரில் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டிலிருந்து கிருஷ்ணராஜபுரம் வரை பேருந்துகளுக்கென்று தனித்தடம் ஒதுக்கப்பட்டது. 2020இல் அதே சாலையில் தற்காலிக சைக்கிள் தடமும் அமைக்கப்பட்டது. அவற்றைப் பாதுகாக்கும் அரசியல் உறுதி ஆட்சியாளர்களிடம் இல்லை. மோட்டார் வாகனங்கள் தடத்திற்குள் புகுந்தன. தடுப்புக் கம்பங்கள் பெயர்ந்தன. பின்னர் மெட்ரோ கட்டுமானப் பணியில் மிச்சமிருந்ததும் தொலைந்தது.

அதே சமயம், ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோ மீட்டருக்கு நிலத்தடிச் சுரங்கச் சாலை அமைக்க சுமார் 17 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்துடன் மாநில காங்கிரஸ் அரசு நிற்கிறது. சுங்கம் செலுத்திச் செல்ல வேண்டிய சாலை அது. பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் அதில் இடமில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இரு சக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும்கூட இடமில்லை என்பதே திட்டம். எதிர்ப்பு எழுந்தபோது, கார் இல்லாத பையனுக்குப் பெண் கொடுக்கக்கூட ஆட்கள் தயங்குகிறார்கள் என்று 2025 அக்டோபரில் துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமார் பேசினார். வேடிக்கையாகக் கடந்துபோகக் கூடிய பேச்சல்ல இது. வரதட்சணைச் சந்தையின் மதிப்பீட்டையே மாநகரத்தின் போக்குவரத்துக் கொள்கையாக்கும் பேச்சு.

நகரத்தின் மக்கள் தொகை ஒன்றரைக் கோடியை நெருங்குகிறது. மாநகரப் பேருந்துகளோ ஏறத்தாழ ஏழாயிரம்தான். 2023 ஜூன் மாதம் தொடங்கிய ‘சக்தி’ திட்டத்தால் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது உண்மையான முன்னேற்றம். ஆனால் 2025 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் 15 சதவீதம் உயர்த்தப்பட்டது. அடுத்த மாதமே மெட்ரோ ரயிலின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக்கப்பட்டது. மெட்ரோவை விட்டு இறங்கும் தொழிலாளி இரு சக்கர வாகனத்தைக் கடன் வாங்கி வாங்குகிறார். ஒரு கோடியைத் தாண்டிவிட்ட வாகனங்களோடு இன்னுமொன்று சேர்கிறது. பிறகு நெரிசலைக் காட்டியே அடுத்த மேம்பாலத்திற்கும் அடுத்த சுரங்கத்திற்கும் டெண்டர் விடப்படுகிறது. ஒப்பந்ததாரர், ரியல் எஸ்டேட் முதலாளி, கார் கம்பெனி, கடன் தரும் நிதி நிறுவனம் என ஒவ்வொருவருக்கும் இந்தச் சுழற்சியில் லாபமுண்டு.

இன்று சுரங்கச் சாலையை எதிர்ப்பதாகச் சொல்லும் பாஜகவுக்கு இதில் பேச அருகதையில்லை. பெருநகர மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் அதன் ஆட்சியில்தான் முடிந்தது. தேர்தலை நடத்தாமல் அதிகாரிகளைக் கொண்டே நகரத்தை அது ஆண்டது. அடுத்து வந்த காங்கிரஸ் ஆட்சியும் தேர்தல் நடத்தாமலேயே காலத்தைத் தள்ளி, 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தது. ஒரு தெருவில் நடைபாதை வேண்டுமா, கார் நிறுத்துமிடம் வேண்டுமா என்று கேட்க மக்களுக்கு ஐந்தாண்டுகளாக ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. பல்லாயிரம் கோடித் திட்டங்களை முடிவு செய்ய மட்டும் ஆள் இருந்தது.

தொழிலாளர்கள் மூடிய சாலை

பெங்களூருவின் முக்கியச் சாலைகள் காரின்றிக் கிடந்த வேறு இரண்டு நாட்களும் உண்டு. 2016 ஏப்ரல் 18, 19. வருங்கால வைப்பு நிதியில் நிர்வாகத்தின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மோடி அரசு விதியை மாற்றியது. நாற்பது வயதுக்குள் உடல் தேய்ந்து வேலையிழக்கும் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்கு அந்தப் பணம்தான் பிள்ளையின் படிப்பும் கடன் மீட்பும். பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் ஆலைகளை விட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியே வந்தார்கள். ஓசூர் சாலையில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்ல. தடியடியும் கண்ணீர்ப்புகைக் குண்டும் அவர்கள்மீது பாய்ந்தன. ஆனால் ஏப்ரல் 19 அன்று ஒன்றிய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இரண்டே நாட்களில் நாட்டின் கோடிக்கணக்கான தொழிலாளர்களுக்கு அந்தப் பெண்கள் வெற்றியை ஈட்டித் தந்தார்கள்.

சைக்கிள் தினத்தில் காரை நிறுத்தினால் ‘சமூக ஒற்றுமை’; பசித்த பெண்கள் காரை நிறுத்தினால் ‘போக்குவரத்துக்கு இடையூறு’. இந்த இரட்டை அளவுகோல் இன்று சட்டமாகவே இருக்கிறது. பாஜக ஆட்சியில், 2021இல் பிறப்பிக்கப்பட்ட உரிமம், ஒழுங்குமுறை ஆணையின்படி பெங்களூருவில் ஆர்ப்பாட்டமும் ஊர்வலமும் ப்ரீடம் பார்க்கிற்குள் மட்டுமே நடத்தலாம். காங்கிரஸ் அரசும் அந்த ஆணையை ஒழிக்கவில்லை. ப்ரீடம் பார்க் என்பது பழைய மத்தியச் சிறைச்சாலை. அவசரநிலைக் காலத்தில் எதிர்க்கட்சித் தலைவர்கள் அடைக்கப்பட்ட இடம். அன்று எதிர்ப்பாளர்களைப் பூட்டிவைத்த மதிலுக்குள்தான் இன்று எதிர்ப்பையே பூட்டிவைக்கிறார்கள்.

ஞாயிறு காலையில் தெருவைத் திறந்துவிடுவதும், மற்ற நாட்களில் ஊர்வலத்திற்கு அதை மூடிவைப்பதும் ஒரே ஆட்சியின் இரண்டு கைகள். தெரு மக்களுக்குச் சொந்தம் என்றால், அதில் சைக்கிள் ஓட்டும் உரிமையும் கொடி பிடிக்கும் உரிமையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

தானமாகக் கிடைத்ததில்லை

கார் இல்லாத ஞாயிறு உலகில் எங்கும் ஆட்சியாளர்களின் கருணையாகத் தொடங்கவில்லை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 டிசம்பரில் கார்களின் பெருக்கத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் சைக்கிள்களுடன் தெருவில் இறங்கினர். அதன் தொடர்ச்சியாக, இன்று ஞாயிறுதோறும் 120 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட சாலைகள் அங்கு வாகனமின்றி விடப்படுகின்றன. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் சாலைகளில் இறந்தனர். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலைகளை நிறுத்து’ என்று பெற்றோர்கள் சாலைகளை மறித்தனர். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது அரசு அறிவித்த காரில்லா ஞாயிறுகள் அந்த இயக்கத்திற்கு வலுவூட்டின. இன்று உலகமே வியக்கும் அந்நாட்டின் சைக்கிள் பாதைகள் இப்படித்தான் பிறந்தன.

தமிழ்நாட்டின் அனுபவம் இன்னும் அருகில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சம் அளவிலான கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினர். பேருந்துக்கும் கணவனுக்கும் தகப்பனுக்கும் காத்திராமல் சந்தைக்கும் வேலைக்கும் கூட்டத்திற்கும் அவர்கள் சென்றார்கள். சைக்கிள் அங்கு உடற்பயிற்சிக் கருவியாக வரவில்லை; பெண் விடுதலையின் வாகனமாக வந்தது.

பெங்களூருவின் நடுத்தர வர்க்கத்துக்கும் போராட்ட மரபு உண்டு. 2016 அக்டோபரில் எஃகு மேம்பாலத்தை எதிர்த்து மனிதச் சங்கிலியாக நின்ற ஆயிரக்கணக்கானோர், 2017 மார்ச்சில் அத்திட்டத்தை அரசு கைவிடச் செய்தனர். அந்த மனிதச் சங்கிலியும் ஓசூர் சாலையில் அமர்ந்த பெண்களும் ஒரே அணியில் சேராதவரை ஆட்சியாளர்களுக்குக் கவலையில்லை. சேர்ப்பது இடதுசாரிகளின் வேலை.

கோரிக்கைகள்

காரில்லாத் தெரு வாரத்தில் சில மணி நேரச் சலுகையாக இல்லாமல் அன்றாட உரிமையாக வேண்டும். அதற்கு முதலில் சுரங்கச் சாலைத் திட்டம் கைவிடப்பட வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டு மாநகரப் பேருந்துகளின் எண்ணிக்கை இரட்டிப்பாக்கப்பட வேண்டும். உயர்த்தப்பட்ட பேருந்து, மெட்ரோ கட்டணங்கள் திரும்பப் பெறப்பட வேண்டும். பீன்யா, பொம்மனஹள்ளி போன்ற தொழிற்பகுதிகளிலிருந்து தொடங்கி, தடுப்புச் சுவருடன் கூடிய சைக்கிள் தடங்களும் தொடர்ச்சியான நடைபாதைகளும் அமைக்கப்பட வேண்டும். அவற்றின் பெயரால் தெருவோர வியாபாரிகள் விரட்டப்படக் கூடாது; 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுடைய இடம் உறுதி செய்யப்பட வேண்டும். கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட, அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான இலவச சைக்கிள் மீண்டும் வழங்கப்பட வேண்டும். வேலையிடத்திற்கு அருகிலேயே உழைப்பாளிகளுக்கு வீடு வேண்டும். ப்ரீடம் பார்க் ஆணை ரத்து செய்யப்பட வேண்டும்.

அடுத்த சைக்கிள் தினத்தில் கட்சித் தோழர்களும் தொழிற்சங்கத்தினரும் மாணவர், மாதர் அமைப்பினரும் குடும்பத்துடன் பங்கேற்க வேண்டும். ஆடைத் தொழிலாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் தங்கள் குழந்தைகளுடன் அங்கு வர வேண்டும். இந்தக் கோரிக்கைகளை அச்சிட்ட துண்டறிக்கை ஒவ்வொரு சைக்கிள்காரரின் கையிலும் சேர வேண்டும். ஞாயிறு காலையில் தெருவின் சுதந்திரத்தைச் சுவைத்தவர்கள் மற்ற ஆறு நாட்களுக்கும் அதைக் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த ஆட்சியாலும் மறுக்க முடியாது.