பாதிப் பாதின்னா எதுல பாதி?

இன்னிக்குக் கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும். ஏஜென்ட் நண்பர்கள் கோச்சுக்காதீங்க. நானும் உங்கள மாதிரியே பையைத் தூக்கிக்கிட்டு வெயில்ல அலையற ஆள்தான்.

ஒரே ஆபீஸ்ல, ஒரே டெவலப்மெண்ட் ஆபீசர் கீழ இருக்கிற ரெண்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனா, என்னவோ ஏதோன்னு ஆராய்ச்சி பண்ண வேணாம். கமிஷன் தகராறுதான். ஆரம்பிச்ச இடமும் எனக்குத் தெரியும். "சேர்ந்து பார்த்துடலாம்ப்பா, வர்றதுல பாதிப் பாதி. நமக்குள்ள என்ன இருக்கு?" இந்தப் பாழாப்போன வசனம்தான்.

என் கட்சி ரொம்ப சிம்பிள். காசைப் பிரிக்காதீங்க. பாலிசியைப் பிரிங்க.

முதல்ல, எதுல பாதி? எல்.ஐ.சி. 2024 அக்டோபர்ல வழக்கமான எண்டோவ்மெண்ட் பாலிசிகளுக்கு முதல் வருஷக் கமிஷனை 35 சதவீதத்துலேர்ந்து 28 ஆக்கி, புதுப்பிப்புக் கமிஷனை 5-லேர்ந்து 7.5 ஆக்கிச்சு. அந்தக் கணக்கையே எடுத்துக்குவோம். வருஷ பிரீமியம் 50,000 ரூபா, 20 வருஷம். முதல் வருஷம் 14,000. அடுத்த 19 வருஷம், வருஷத்துக்கு 3,750. கஸ்டமர் ஒழுங்காக் கட்டினா மொத்தம் 71,250. நாம சட்டையைப் பிடிச்சுக்கிறது அந்த 14,000-க்கு. பெரிய காசு சத்தமில்லாம புரபோசல் படிவத்துல யார் கோடு இருக்கோ அவர் கணக்குல விழுந்துக்கிட்டே இருக்கும். பாதிப் பாதி பேசினப்போ புதுப்பிப்பு பத்தி யாராவது வாயைத் திறந்தாங்களா?

எனக்குத் தெரிஞ்ச ஒரு புது ஏஜென்ட் பொண்ணு. ஆசிரியர்கள் நாலு பேர்கிட்ட மூணு மாசம் நடந்து பேசி முடிச்சுது. கடைசி நாள் மட்டும் ஒரு சீனியர் கூடப் போனார். "எனக்கு எம்.டி.ஆர்.டி.க்கு கொஞ்சம் இடிக்குதும்மா, என் கோடுல போட்டுடலாம். உனக்குப் பாதி குடுத்துடறேன்"ன்னார். முதல் வருஷம் குடுத்தார், டி.டி.எஸ்., பெட்ரோல் எல்லாம் போக. ரெண்டாம் வருஷம்? "அது வேறம்மா"ன்னுட்டார். ஆனா விலாச மாற்றம், லோன், ரசீது எதுன்னாலும் அந்த ஆசிரியர்கள் போன் பண்றது இந்தப் பொண்ணுக்குத்தான். இதுல இன்னொரு கொடுமை. புது ஏஜென்ட் வருஷத்துக்கு இத்தனை பாலிசின்னு முடிச்சுக் காட்டணும். அந்த நாலும் அவ கணக்குல ஏறவே இல்ல. காசு பாதி போச்சு, கணக்கு முழுசாப் போச்சு.

"ஆபீசர் சார் பஞ்சாயத்து பண்ணுவாரே"ன்னு சொல்லாதீங்க. ரெண்டு பேரும் அவர் டீம்தான். யார் கோடுல விழுந்தாலும் அவர் இலக்குல ஏறிடும். அதிகமா பிசினஸ் குடுக்கிற சீனியரை அவர் பகைச்சுக்குவாரா? "சரி சரி, விட்டுக் குடுத்துப் போங்க"ம்பார். எப்பவும் யார் விட்டுக் குடுக்கணும்? புதுசா வந்தவதான்.

இன்னொண்ணையும் மறந்துடறோம். புரபோசலோட ஏஜென்ட் ஓர் அறிக்கை குடுக்கிறார். இந்த ஆளை எத்தனை வருஷமாத் தெரியும், உடல்நிலை எப்படி, வருமானம் என்னன்னு. முகத்தை ஒரு தடவை பார்த்தவர் அதுல கையெழுத்துப் போடறது பொய் சாட்சிங்க. மூணு வருஷத்துக்குள்ள இறப்புக் கிளெய்ம் வந்து விசாரணைன்னா கதவைத் தட்டறது கையெழுத்துப் போட்டவர் வீட்டைத்தான். அப்ப வந்து பாதிப் பாதி சொல்லுவாங்களா?

"எழுதி வாங்கினா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்"ன்னு ஒரு குரூப் கிளம்பும். அடேங்கப்பா! "வாய்ப்பேச்சை நம்பாதீங்க சார், நாமினி பேரை எழுதுங்க, நாளைக்கு யாருக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்"ன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற தொழில் நம்மது. நமக்குன்னு வந்தா மட்டும் நம்பிக்கையா? கோடு வெச்சிருக்கிறவர் நாளைக்கே போய்ச் சேர்ந்துட்டா, வாரிசுக் கமிஷன் அவரோட நாமினிக்குப் போகும். உங்க பாதிக்கு அந்தம்மா என்ன பதில் சொல்லுவாங்க? அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே!

அதனால ஆபீஸ்ல இதை ஒட்டி வைங்க:

1. யார் உழைச்சாங்களோ, கஸ்டமருக்கு யாரைத் தெரியுமோ, அவர் கோடு. உழைச்சவர் ஒருத்தர், கோடு இன்னொருத்தருதுங்கிறது கூடவே கூடாது.

2. ரெண்டு பேரும் நிஜமாவே உழைச்சிருந்தா, கணவர் பாலிசி ஒருத்தருக்கு, மனைவி பாலிசி இன்னொருத்தருக்கு. ஒரே பாலிசின்னா, இது உனக்கு, அடுத்தது எனக்கு. பிரிக்கிறதுக்காக கஸ்டமர் தலையில தேவையில்லாத ரெண்டாவது பாலிசியைக் கட்டினா, அது தீர்வு இல்ல, திருட்டு.

3. படிவம் நிரப்பறதுக்கு முன்னாடியே நாலு வரி எழுதி, தேதி போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்து. சர்வீஸ் யார் பண்றதுன்னும் அதுல இருக்கணும்.

4. பஸ் சீட்டுல துண்டு போடற மாதிரி "அவர் என் பார்ட்டி"ன்னு சொல்லி வெச்சா செல்லாது. மூணு மாசம் போய்ப் பார்க்கலைன்னா துண்டை எடுத்துடணும். கஸ்டமர் யாரைக் கேக்கறாரோ அதுதான் கடைசித் தீர்ப்பு.

5. ஏஜென்டா இல்லாத மச்சானுக்கு ஆள் பிடிச்சுக் குடுத்ததுக்குப் பங்கு? 1938 இன்ஷூரன்ஸ் சட்டம் 40-ஆம் பிரிவு அதை ஒத்துக்காது.

6. போட்டியில "முதல் தவணையில பாதி நான் கட்டறேன்"ன்னு இறங்காதீங்க. 41-ஆம் பிரிவுப்படி அது தப்பு. 2015 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 10 லட்சம் வரை போகும். வாங்கிக்கிற கஸ்டமரும் மாட்டுவார்.

காசைப் பிரிச்சா வருஷா வருஷம் கேட்டு வாங்கணும். வரி ஒருத்தர் பான் எண்ல, பணம் இன்னொருத்தர் பையிலன்னு இழுத்துக்கிட்டே கிடக்கும். பாலிசியைப் பிரிச்சா கோடு, கமிஷன், வரி, சர்வீஸ், பொறுப்பு எல்லாம் ஒரே இடத்துல நின்னுடும். கேட்டு நிக்கற வேலையே இல்ல.

சீனியர் அண்ணன்களுக்கு ஒண்ணே ஒண்ணு. சின்னவங்களுக்குத் தொழில் கத்துக் குடுங்க, கூடப் போய் நில்லுங்க, ஒரு டீ வாங்கிக் குடுங்க. கோடு மட்டும் அவங்களுதா இருக்கட்டும். உங்களுக்கு அது எம்.டி.ஆர்.டி.க்கு ஒரு நம்பர். அவங்களுக்கு அது இருபது வருஷச் சோறு.