அடிக்கிறவர் மட்டும்தான் ஹீரோவா?

சூப்பர் ஹீரோ கதைன்னா வெறும் அடிதடிதான் என்று சொல்பவர்கள், 1992-இல் வந்த பேட்மேன் கார்ட்டூன் தொடரில் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற கதையைப் பாருங்கள். எழுதியவர் பால் டினி. இதற்கு எம்மி விருதும் கிடைத்தது.

மிஸ்டர் ஃப்ரீஸ் என்பவன் உறைய வைக்கும் துப்பாக்கியோடு ஒரே கம்பெனியைத் திரும்பத் திரும்பத் தாக்குகிறான். 'ஏன் அந்தக் கம்பெனி மட்டும்?' என்று பேட்மேன் துப்பறிகிறார். ஒரு பழைய வீடியோ கேசட் கிடைக்கிறது. நோயாளி மனைவியைப் பிழைக்க வைக்க ஒரு விஞ்ஞானி அவளை உறைநிலையில் வைத்திருக்கிறார். முதலாளி பாயில் வந்து கருவியை நிறுத்தச் சொல்கிறார். தடுத்தவரை எட்டி உதைக்கிறார். அந்த விஞ்ஞானிதான் ஃப்ரீஸ்! கொடுமை என்னன்னா, அந்த முதலாளிக்குத்தான் மனிதநேய விருது கொடுக்கிறாங்க!

அதுக்காக ஃப்ரீஸ் செய்வது நியாயமா? இல்லை. கால் உறைந்துபோன தன் கூட்டாளியையே விட்டுட்டுப் போனவன் அவன். பேட்மேன் அவனையும் பிடிக்கிறார். (எதனால் தெரியுமா? ஜலதோஷத்துக்கு வைத்திருந்த சூடான சிக்கன் சூப்பால்!) கேசட்டை நிருபரிடம் கொடுத்து முதலாளியையும் மாட்டிவிடுகிறார்.

நம்ம வகுப்பில் சண்டை வந்தால் கடைசியாக அடித்தவன் மட்டும்தான் மாட்டுவான். முதலில் சீண்டினவன் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பான். அடித்தவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் 'ஏன்டா அடிச்சே?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். வகுப்புத் தலைவர்களே, ஆசிரியப் பெருமக்களே, நான் சொல்றது சரிதானே?