பில் இருந்தும் திருடனா?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. அடுத்த வேலையாக ஏதேனும் ஒரு சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திட முயல்வீர்கள். உடனே திரை மங்கலாகி, நடுவில் ஒரு டயலாக் பாக்ஸ் வந்து நிற்கும். இந்த புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்திட அனுமதிக்கலாமா என்று கேட்கும். நம்மில் பலர் அதைப் படிப்பதே இல்லை. 'யெஸ்' பட்டன் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறோம்.

அந்த டயலாக் பாக்ஸில் 'பப்ளிஷர்' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைப் பற்றியும், அதற்குத் தம்பி முறையான இன்னொரு விஷயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். இந்த இரண்டுக்கும் புரோகிராம் எழுதியிருக்கிறேன். ஒன்றை முழு மனதுடன் ஆதரிக்கிறேன். மற்றொன்றை எங்களைப் போன்றவர்கள் எழுதும் விதம் தவறு என்று நினைக்கிறேன். அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

முதலில் முத்திரை. சாப்ட்வேர் தயாரிப்பவர், தன் பைலை வெளியிடும் முன் அதற்கு ஒரு டிஜிட்டல் கையொப்பம் இடுகிறார். பைலில் உள்ள அனைத்தையும் கணக்குப் போட்டு 256 பிட் அளவுள்ள ஓர் எண்ணாகச் சுருக்குகிறார்கள். பைலில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிவிடும். அந்த எண்ணை, தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு கையொப்பமாக மாற்றிப் பைலுடன் இணைத்து விடுகிறார். உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அதே கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப் போனால், பைல் வழியில் யாராலும் மாற்றப்படவில்லை என்று பொருள். அந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று விசாரித்துச் சான்றிதழ் தருவதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன.

கையொப்பம் சரியாக இருந்தால் டயலாக் பாக்ஸில் நீல நிறத்தில் நிறுவனத்தின் பெயர் வரும். இல்லையென்றால் மஞ்சள் நிறத்தில் 'அன்னோன்' என்று வரும். இன்ஸ்டால் செய்திடும் முன்னரே சோதிக்க விரும்பினால், பைலின் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லுங்கள். 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற டேப் இருக்கிறதா எனப் பாருங்கள். கையொப்பம் இல்லாத பைலில் அந்த டேப்பே தெரியாது. இருந்தால், அதில் உள்ள பெயரைத் தேர்ந்தெடுத்து 'டீடெய்ல்ஸ்' பட்டனை அழுத்தினால் கையொப்பம் சரியா என்று விண்டோஸ் சொல்லிவிடும். அரை நிமிட வேலை.

முத்திரை இருந்தாலே சாப்ட்வேர் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். 2017 ஆகஸ்டில் வெளியான சிகிளீனர் 5.33 பதிப்பில் திருட்டுத்தனமாக வைரஸ் புரோகிராம் நுழைக்கப்பட்டிருந்தது. தயாரித்த நிறுவனத்தின் உள்ளேயே புகுந்து செய்த வேலை அது. ஆகவே நிறுவனத்தின் உண்மையான கையொப்பத்துடனேயே பைல் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் 22.7 லட்சம் பேர் அந்தப் பதிப்பைப் பயன்படுத்தினர். 2001 ஜனவரியில், மைக்ரோசாப்ட் ஊழியர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவருக்கு, மைக்ரோசாப்ட் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களை வெரிசைன் நிறுவனம் வழங்கிவிட்ட கூத்தும் நடந்திருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்து யாருடையது என்று தெரிந்துகொள்ளலாம். கையெழுத்திட்டவர் யோக்கியரா என்பது வேறு விசாரணை.

அதேபோல, முத்திரை இல்லாத சாப்ட்வேர் எல்லாம் மோசமானதும் அல்ல. சான்றிதழுக்குப் பணம் செலவாகும். காலாவதி ஆனவுடன் மறுபடியும் வாங்க வேண்டும். 2023 ஜூன் 1 முதல், ரகசியச் சாவியைப் பாதுகாப்பான யுஎஸ்பி டோக்கன் போன்ற சாதனத்தில்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்தில் சேர ஆண்டுக்கு 99 டாலர். ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகக் கொடுப்பவருக்கு இது கைக்காசு. முத்திரை போட்ட பின்னரும் புதியவராக இருந்தால், உங்கள் கம்ப்யூட்டரைப் பாதுகாத்துவிட்டேன் என்று விண்டோஸ் ஒரு நீலத் திரையைக் காட்டித் தடுக்கும். இத்தனை சங்கடம் இருந்தும் நான் முத்திரையை ஆதரிக்கிறேன். ஏனென்றால் இது சாப்ட்வேர் எழுதியவரைக் கேள்வி கேட்கிறது. நீங்கள் யார், உங்கள் பைல் இதுதானா என்று என்னைத்தான் விசாரிக்கிறது. வாங்குபவரை அல்ல.

இனி அந்தத் தம்பி விஷயத்திற்கு வருவோம். அதன் பெயர் ரசீது சோதனை. காசு கொடுத்து வாங்கிய சாப்ட்வேர், ஒவ்வொரு முறை திறக்கும்போதும், நீங்கள் உண்மையிலேயே காசு கொடுத்தீர்களா என்று ரகசியமாகச் சரிபார்த்துக்கொள்ளும். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர்களில் ஆப் ஸ்டோர் மூலம் வாங்கும் புரோகிராமுக்கு உள்ளேயே ரசீது என்று ஒரு சிறிய பைல் இருக்கும். எந்தப் புரோகிராம், எந்தப் பதிப்பு, எந்தக் கம்ப்யூட்டருக்காக என்ற விவரங்கள் ஆப்பிளின் கையொப்பத்துடன் அதில் இருக்கும். நேரடியாக விற்பவர்கள் இதையே லைசென்ஸ் பைல் என்று தருவார்கள்.

இந்தச் சோதனையை எழுதுவது பார்ப்பதற்கு எளிது. சரியாக எழுதுவது கடினம். மேக் ஆப் ஸ்டோர் 2011 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டது. அன்றே ஓட்டை வெளிப்பட்டுவிட்டது. இலவசமாகக் கிடைத்த ட்விட்டர் புரோகிராமின் ரசீதை எடுத்து, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆங்ரி பேர்ட்ஸ் விளையாட்டுக்குள் போட்டால் அது ஏற்றுக்கொண்டது. ரசீது ஆப்பிள் கொடுத்ததுதான். ஆனால் அது தனக்கான ரசீதா என்று விளையாட்டு சரியாகப் பார்க்கவில்லை. காபிக்கு வாங்கிய டோக்கனைக் காட்டி நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டுப் போவது போல.

இது கடைக்காரர் ஏமாந்த கதை. இதில் வாங்கியவருக்கு நஷ்டம் இல்லை. என்னை உறுத்துவது இதற்கு நேர் எதிரான கதை.

2015 நவம்பர் 11 அன்று, மேக் ஆப் ஸ்டோர் ரசீதுகளுக்குப் பின்னால் இருந்த ஆப்பிளின் ஒரு சான்றிதழ் காலாவதியானது. புதிய சான்றிதழ் தயாராகவே இருந்தது. ஆனால் அது புதிய எஸ்எச்ஏ-2 முறையில் அமைந்தது. பழைய முறையை மட்டுமே அறிந்த சில புரோகிராம்களுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. விளைவு? காசு கொடுத்து வாங்கி, பல மாதங்களாகச் சரியாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள், 'இது பழுதாகிவிட்டது, அழித்துவிட்டு மறுபடியும் டவுன்லோட் செய்யுங்கள்' என்று சொல்லி நின்றன. எதுவும் பழுதாகவில்லை. வாங்கியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. சிலருக்குக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ததும் சரியாயிற்று. சிலர் மறுபடியும் இன்ஸ்டால் செய்திட வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பதிவு செய்த சார்பதிவாளர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதற்காகப் பத்திரம் செல்லாமல் போகிறதா? பதிவு செய்த நாளில் அவர் பதவியில் இருந்தாரா என்பதுதானே கேள்வி. கையொப்பம் இடும்போதே நேர முத்திரையும் சேர்த்து வைத்தால், சான்றிதழ் பின்னர் காலாவதி ஆனாலும் கையொப்பம் செல்லும். விண்டோஸ் பைல்களில் இந்த வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. ரசீது விஷயத்தில் மட்டும் ஏன் இன்றைய தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

இந்தக் கேள்வியை நான் முதலில் என்னையே கேட்டிருக்க வேண்டும். இன்ஜினியரிங் முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நிறுவனம், கடைகளுக்கான பில்லிங் சாப்ட்வேர் விற்றது. அதற்கு லைசென்ஸ் சோதனை எழுதியவன் நான். சிலர் கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னுக்கு நகர்த்தி வைத்து, ஒரு வருட லைசென்ஸை இரண்டு வருடம் ஓட்டுவார்கள். அதைப் பிடிக்க, லைசென்ஸ் கொடுத்த தேதிக்கு முந்தைய தேதியைக் கம்ப்யூட்டர் காட்டினால் புரோகிராமை மூடிவிடும்படி எழுதினேன். என் மேலாளர் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு 19-ஆம் தேதி மாலை, விருதுநகர் பக்கத்திலிருந்து ஓர் இரும்புக் கடை அண்ணாச்சி போன் செய்தார். மறுநாள் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள். "தம்பி, பில்லு என் கையில இருக்கு. உங்க சாப்ட்வேரு என்னைத் தேதி மாத்துன திருடன்னு சொல்லிட்டு மூடிக்குது. நான் எதையும் தொடலய்யா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. தினமும் கடை அடைக்கும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட வைப்பது மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட வடிவப் பேட்டரி. அது தீர்ந்துபோய், கம்ப்யூட்டர் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. சந்தேகம் வந்தால் எங்கள் சர்வரைக் கேட்கும்படியும் எழுதியிருந்தேன். அதுவும் கைகொடுக்கவில்லை. தேதி பின்னால் போனதால், எங்கள் சர்வரின் சான்றிதழையே 'இன்னும் நடைமுறைக்கு வராதது' என்று அவர் கம்ப்யூட்டர் நிராகரித்துவிட்டது. தேதியைச் சரி செய்யச் சொல்லிப் பத்து நிமிடத்தில் புரோகிராமைத் திறக்க வைத்தேன். ஆனால் மதியம் 2 மணியிலிருந்து மாலை 6 மணி வரை அவர் தன் சொந்தக் கணக்கைத் தானே பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். பேட்டரியின் விலை 50 ரூபாய்க்குள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், திருட்டு காப்பி வைத்திருப்பவர் என்னுடைய அந்த டயலாக் பாக்ஸைப் பார்த்திருக்கவே மாட்டார். கிராக் செய்பவர்கள் முதலில் செய்வது, சோதனை நடக்கும் அந்த இடத்தையே நீக்கிவிடுவது. அதன் பிறகு தேதி எதுவாக இருந்தால் என்ன? என் எச்சரிக்கையைப் படித்தவர் காசு கொடுத்தவர் மட்டுமே.

அப்படியானால் சோதனையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். எங்களின் முதல் பதிப்பில் சோதனை இல்லை. ஒரே லைசென்ஸ் பென் டிரைவில் ஏறி நான்கு கடைகளில் ஓடியதை நானே பார்த்தேன். எங்களுக்கும் சம்பளம் வர வேண்டும். நான் சொல்வது, 'இது போலி' என்பதற்கும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதற்கும் வித்தியாசம் வேண்டும் என்பதுதான். கையொப்பம் பொருந்தவில்லை என்றால் போலி, நிறுத்துங்கள். தேதி குழம்புகிறது, சர்வர் கிடைக்கவில்லை, சான்றிதழ் காலாவதி என்றால், அது தெரியாத நிலை. அப்போது ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு வேலை செய்ய விட வேண்டும். 30 நாள் அவகாசம் கொடுத்தால் எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடாது. எந்த நிலையிலும் பழைய கணக்கைப் பார்ப்பதையும் பிரின்ட் எடுப்பதையும் தடுக்கக் கூடாது. அந்தக் கணக்கு அண்ணாச்சியுடையது. இதை எழுதிக் கொடுத்தேன். அவகாசத்தை நிர்வாகம் 7 நாளாகக் குறைத்து ஏற்றுக்கொண்டது. பிரின்ட் விஷயத்தில் மறுப்புச் சொல்லவில்லை.

நீங்கள் காசு கொடுத்து சாப்ட்வேர் வாங்கும் முன் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். இன்டர்நெட் இல்லாமல் எத்தனை நாள் ஓடும்? கம்ப்யூட்டரை பார்மட் செய்தால் லைசென்ஸை மறுபடியும் பெறுவது எப்படி? லைசென்ஸ் முடிந்த பின் என் பைல்களைத் திறக்க முடியுமா? பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்குவதற்கு நீங்களும் தயங்கலாம். வாங்கியவுடன் வரும் ரசீது இமெயிலைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். என்றாவது ஒரு நாள், நேற்று வரை ஓடிய சாப்ட்வேர் 'செல்லாது' என்றோ 'பழுது' என்றோ சொன்னால், அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். ஆண்டு சரிதானா என்றும் பாருங்கள்.

கோபத்தில் கிராக் தேடிப் போக வேண்டாம். கிராக் செய்யப்பட்ட பைலில் முதலில் உடைவது நான் மேலே சொன்ன முத்திரைதான். சோதனையை நீக்கியவர் கூடவே வேறு எதைச் சேர்த்தார் என்று சொல்ல அதன் பிறகு யாரும் இல்லை. ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிட்டு இயக்குங்கள் என்று அவரே எழுதியும் வைத்திருப்பார்!

அண்ணாச்சி பேட்டரியை மாற்றிவிட்டார். அடுத்த ஆண்டு லைசென்ஸையும் புதுப்பித்தார். ஆனால் அன்றிலிருந்து தினமும் கடை அடைக்கும் முன் அன்றைய கணக்கைப் பேப்பரில் பிரின்ட் எடுத்து வைக்கிறாராம். பேப்பர் வீண்தான். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.