பாரத்தில் இல்லாத 400 வெள்ளி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் நம் முன்னோர். இன்று யார் வீடு கட்டுகிறார்கள்? தாமானில் வாங்கத்தான் செய்கிறோம். அதற்கு முன் வங்கியின் கடன் பாரத்தை நிரப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடந்த ஆண்டு என் அக்கா நிரப்பினார்.

பத்து காஜாவில் ஒரு சாதாரண வரிசை வீடு. எங்கள் குடும்பத்தில் சொந்தமாக வீடு வாங்கப் புறப்பட்ட முதல் ஆள் அவர். தாத்தா பாட்டிக்குத் தோட்டத்து லயம்தான் வீடு. வேலை போனால் அதுவும் போகும். பாரத்தில் கார் கடன், கடன் அட்டை, பிடிபிடிஎன் எல்லாவற்றையும் அக்கா எழுதினார். "வேறு மாதக் கட்டணம் உண்டா?" என்று அதிகாரி கேட்டபோது "இல்லை" என்றார். அதிகாரி ஆறு மாத வங்கிக் கணக்கைப் புரட்டி ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். சம்பளம் விழுந்த மறுநாள், மாதம் தவறாமல், ஒரே பெயருக்கு 400 வெள்ளி.

"இது யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுகிறீர்களா?"

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டதாம். அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கொடுப்பதைக் 'கட்டணம்' என்று நினைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. நம்மில் யாருக்குத்தான் தோன்றும்? ஆனாலும் நண்பர்களே, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதிகாரியைக் குறை சொல்வதற்கில்லை. வங்கிகள் கொடுத்த கடன்கள் பேங்க் நெகாராவின் 'சிசிரிஸ்' பதிவில் தெரியும். அண்ணனோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடன்கூட அங்கே நிற்கும். ஆலோங்கிடம் வாங்கியது அதில் வராது. தனி ஆளுக்கு மாதாமாதம் ஒரே தொகை போனால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

"சொன்னால் கடன் தொகையைக் குறைத்துவிடுவார்களே!" என்கிறார்கள் தோழர்கள். குறைக்கலாம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 3,500 வெள்ளி. சேமநிதி 11 விழுக்காடு, சொக்சோ போன்றவை போனால் கையில் சுமார் 3,090. (2012 முதல் வங்கிகள் இந்தக் கைக்கு வரும் சம்பளத்தைத்தான் பார்க்க வேண்டும்.) காருக்கு 600, பிடிபிடிஎன் 200, வீட்டுக்கு 1,100 என்றால் மிச்சம் 1,190. இதுவரை வங்கிக்குத் தெரிந்த கணக்கு. அம்மாவுக்கு 400, தம்பியின் படிப்புக்கு 200, கூட்டுக்கு 200 போனால் 390 வெள்ளிதான் மிஞ்சும். சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் அதற்குள். 35 ஆண்டுகளுக்கு இப்படி ஓட முடியுமா? மறைப்பதால் ஏமாறுவது வங்கி அல்ல.

கூட்டுப் பணம் இன்னும் சிக்கலானது. அதை நடத்துவதைத் தடை செய்ய 1971லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் சொல் இருக்கிறது! அதனால் வாய் திறக்கவே பயம். ஆனால் ஒன்று: கூட்டை இன்னும் எடுக்காதவருக்கு அது சேமிப்பு. முதல் மாதமே எடுத்துச் செலவழித்தவருக்கு அது கடன்தான். அந்தச் சுற்று முடியும்வரை வீட்டுக்கடன் கேட்காமல் பொறுப்பதே நல்லது என்பேன்.

மாதாமாதம் கொடுக்கும் சிறு தொகை நமக்குப் புதிதல்ல. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில்தான் தோட்டங்களையே வாங்கியது. அந்தப் பணம் உறுப்பினர் பெயரில் கணக்கில் ஏறியது. அக்கா அனுப்பும் பணத்துக்கு அம்மாவின் மனதில் மட்டும்தான் கணக்கு.

கடைசியில் அக்கா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: இது கடன் அல்ல, அம்மாவின் வீட்டுச் செலவுக்கு. அம்மா அதன் கீழே தமிழில் கையெழுத்திட்டார். கடன் கிடைத்தது, கேட்டதைவிடக் குறைவாக. இப்போது கொஞ்சம் பழைய வீடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இனிமேல் 200 போதும்" என்று அம்மா சொல்ல, அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.