சொந்தக் கேரவன் வேண்டாம், வாடகை வேன் போதும்

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் திண்டுக்கல் பக்கம் ஒரு யோசனை வசதியுள்ள வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. கையில் முப்பது லட்சம் சேர்ந்தால் படுக்கை, அடுப்பு, ஏசி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த கேரவன் வண்டி ஒன்றை வாங்கிப் போடு. லாட்ஜ் செலவு மிச்சம், ஓட்டல் செலவு மிச்சம், நினைத்த நேரத்தில் கிளம்பலாம், வேண்டாம் என்றால் விற்றும் விடலாம் என்கிறார்கள். கல்யாணப் பந்தியில் இதைக் கேட்கிறேன். ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டிக்காரர்கள் பேசுகிறார்கள், மில் நடத்துகிறவர்கள் பேசுகிறார்கள், வெளிநாட்டில் பத்து வருஷம் உழைத்துத் திரும்பியவர்களும் பேசுகிறார்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் என்பதால்தான் இதற்குப் பதில் எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. இந்த ஊர்க் குடும்பத்துக்குக் கேரவன் கட்டுப்படியாகாது.

முதலில் லாட்ஜ் செலவு. கணக்கை வண்டிக்குச் சாதகமாகவே போடுவோம். வண்டியும் உள்வேலையும் சேர்த்து 30 லட்சம். அந்தப் பணம் வங்கியில் 7 சதவீத வட்டிக்குக் கிடந்தால் வருஷத்துக்கு 2,10,000 ரூபாய் வரும். பத்து வருஷம் கழித்து வண்டி 10 லட்சத்துக்குப் போகும் என்று தாராளமாக வைத்தாலும், வருஷத்துக்கு 2 லட்சம் தேய்மானம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயருக்கும் பேட்டரிக்கும் ஒதுக்கி வைப்பது எல்லாம் சேர்த்து 70 ஆயிரம். ஆக வருஷத்துக்கு 4,80,000 ரூபாய், ஒரு சொட்டு டீசல் ஊற்றுவதற்கு முன்பே. மாதம் தவறாமல் இரண்டு ராத்திரி வெளியே தங்கினால் வருஷத்துக்கு 24 ராத்திரி; ஒரு ராத்திரிக்கு 20 ஆயிரம் விழுகிறது.

மாதம் தவறாமல் யாரால் போக முடியும்? பிள்ளைகளுக்குப் பரீட்சை, மண்டிக்கு வரத்து, முகூர்த்த மாதம், வீட்டில் ஒரு துக்கம். முழுப் பரீட்சை விடுமுறையில் ஒரு பயணம், காலாண்டு லீவில் ஒன்று, பொங்கலை ஒட்டி ஒன்று, இவ்வளவுதான் நடைமுறை. அப்படி ஆறே ராத்திரி என்றால் ஒரு ராத்திரிக்கு 80 ஆயிரம். கடனுக்கு வாங்குகிறவர் நிலை இன்னும் மோசம். 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஏழு வருஷத் தவணை என்றால் மாதம் 33 ஆயிரத்துச் சொச்சம். வண்டி ஷெட்டில் நின்றாலும் அது போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது மறுபக்கம். பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலரை மூன்று நாளைக்கு வாடகைக்குப் பேசுங்கள். டிரைவர் பேட்டா, டீசல் சேர்த்து, ராத்திரி தங்க மூன்று நல்ல அறையும் போட்டால், இரண்டு ராத்திரிப் பயணம் ஏறக்குறைய 40 ஆயிரத்தில் முடியும். வருஷத்துக்கு மூன்று பயணம், 1,20,000. மீதி 3,60,000 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கிறது.

இந்தக் கணக்கில் தலை எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும். கேரவனில் நான்கு பேர் வசதியாகப் படுக்கலாம், நெருக்கினால் ஐந்து பேர். படுக்கை போடுவதற்காக இருக்கைகளைக் கழற்றிவிடுகிறார்கள். நம் குடும்பங்கள் நான்கு பேராகப் பயணம் போவதில்லை. குலதெய்வம் கோயிலுக்குக் கிடா வெட்டப் போனாலும் வேளாங்கண்ணிக்குப் போனாலும் பாட்டி, சித்தி, மாமா பிள்ளைகள் எல்லோரும் ஏறுகிறார்கள். கேரவன் வாங்கிய வீட்டில் மற்றவர்களுக்குத் தனி வேன் பேச வேண்டியிருக்கிறது. பயணத்தின் சந்தோஷமே வேனில் ஒன்றாக உட்கார்ந்து வருவதில்தானே இருக்கிறது!

‘நினைத்தால் கிளம்பலாம், நினைத்த இடத்தில் தங்கலாம்’ என்பது அடுத்த வாதம். ஆசை காட்டுவதில் இதற்கு இணையில்லை. இந்த ஊருக்குச் சற்றும் பொருந்தாததும் இதுதான். திண்டுக்கல்லின் இருப்பைப் பாருங்கள். பழனி 60 கிலோமீட்டர், மதுரை 65, திருச்சியும் கொடைக்கானலும் சுமார் 100, கோயம்புத்தூர் 160. காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. ரயில் நாலு திசைக்கும் பிரிகிறது. காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு ராத்திரி சொந்தக் கட்டிலில் வந்து படுக்கலாம். படுக்கையையே இழுத்துக்கொண்டு போகும் வண்டி, ஊருக்கும் ஊருக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான மைல் வெட்டவெளி கிடக்கும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளுக்குப் பொருந்துவது. அங்கே அந்த வண்டிகளுக்கென்றே நிறுத்துமிடங்கள் உண்டு. அமெரிக்காவில் 1962இல் மொன்டானா மாநிலத்தில் தொடங்கிய கே.ஓ.ஏ. என்ற நிறுவனம் அதையே தொழிலாக்கி நாடு முழுக்கப் பரவியது. மின்சாரம் சொருகிக்கொள்ளலாம், தண்ணீர் பிடிக்கலாம், கழிவுத் தொட்டியைக் காலி செய்யலாம். அந்த ஏற்பாடு முழுவதும் சேர்ந்ததுதான் கேரவன் வாழ்க்கை. நாம் வண்டியை மட்டும் விலைக்கு வாங்குகிறோம்.

அந்த ஏற்பாடு இல்லாமல் உள்ளே என்ன நடக்கும் என்பதைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி 100 முதல் 150 லிட்டர். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு வாளி, வாளிக்கு 15 லிட்டர் என்று குளித்தால் 75 லிட்டர் காலி. மீதியில் பாத்திரம் கழுவி, கழிப்பறைக்கும் ஊற்ற வேண்டும். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீருக்கும் காவிரிக் கூட்டுக் குடிநீருக்கும் முறை வைத்துக் காத்திருந்து பழகிய ஊர் இது. அடுத்த ஊரில் குழாயடியில் போய் நின்று தொட்டியை நிரப்பக் கேட்க நமக்கே மனசு வராது. கழிவுத் தொட்டியை எங்கே ஊற்றுவது? நெடுஞ்சாலையோரம் அதற்கென்று ஓர் இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. வாய்க்காலிலோ கண்மாய்க் கரையிலோ திறந்துவிடுவது குற்றம், பாவமும்கூட.

ஏசியும் அப்படித்தான். ஏப்ரல், மே மாதங்களில் நம் சமவெளியில் தகரக் கூடு எப்படிக் கொதிக்கும் என்பது வெயிலில் நிறுத்திய காரில் ஏறிய எவருக்கும் தெரியும். 1,200 வாட் ஏசியை 5 யூனிட் பேட்டரியில் ஓட்டினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் இரண்டரைக்கெல்லாம் பிள்ளைகள் வியர்த்து எழுந்துவிடும். அப்புறம் ஜெனரேட்டரைப் போட வேண்டும்; பக்கத்தில் யாரும் தூங்க முடியாது.

நினைத்த இடத்துக்குப் போவதும் இப்போது அவ்வளவு சுலபம் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் போகும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் சாதாரண நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. பழனியில் கிரிவலப் பாதைக்குள் 2024 முதல் வாகனங்களை விடுவதில்லை. வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும். தங்குவதற்குத் தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையம் போன்ற விடுதிகள் இருக்கின்றன. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வகை இன்னும் சிரமம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கிவிட்டால், எதிரே பஸ் வரும் வளைவில் பின்வாங்க வேண்டியிருக்கும். கார் ஒரு பக்கம் திரும்ப, டிரெய்லர் மறுபக்கம் திரும்பும். பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு வரிசை நிற்கும். சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவ்வளவு பெரிய வண்டியைத் தானே ஓட்டத் துணிகிறவர்கள் குறைவு. ஆக்டிங் டிரைவருக்குப் போன் போட்டு, அவருக்கு நாள் ஒத்துவந்தால்தான் பயணம். நினைத்தால் கிளம்பலாம் என்ற பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது.

‘வண்டியிலேயே சமைத்துச் சாப்பிடலாம்’ என்கிறவர்களிடம் நான் ஒரு நாளை நினைவூட்டுகிறேன். 2023 ஆகஸ்ட் 26, விடிகாலை. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் சுற்றுலா ரயில் பெட்டி மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த காஸ் சிலிண்டரை டீ போடப் பற்றவைத்ததில் தீப்பிடித்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். நம்மிடமிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நடந்தது இது. ஒழுங்காகக் கட்டிய கேரவனில் காஸ் கசிவுக் கருவியும் காற்றுப்போக்கும் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செலவைக் குறைக்க வீட்டு சிலிண்டரையே தூக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் நம் ஊரில் நடக்கப்போகிறது. பிரியாணிக்கும் பரோட்டாவுக்கும் பேர்போன ஊரிலிருந்து கிளம்பி, இரண்டடிக்கு இரண்டடி மேடையில் சித்தியை நிற்கவைத்துத் தாளிக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவருக்கும் அது லீவு நாள்.

‘கரூரில் கொடுத்தால் பாதி விலையில் கட்டிவிடுவார்கள்’ என்பார்கள் சிலர். கரூர் பாடி கட்டுவதில் கெட்டிக்கார ஊர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. ஆர்.சி. புக்கில் ஏறாத வேலையோடு ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவது அந்த ஆர்.சி. புக்கைத்தான்.

வாடகைக்கு விட்டு இ.எம்.ஐ. கட்டலாம் என்ற யோசனைக்கு அதிக நேரம் தேவையில்லை. ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. டி போர்டு எடுத்தால் பர்மிட், வருஷா வருஷம் வரி, எஃப்.சி., டிரைவர் என்று அது முழுநேரத் தொழில். தொழிலாகச் செய்கிறவரை நான் தடுக்கவில்லை.

விற்றுவிடலாம் என்பதும் நடப்பதில்லை. நத்தம் ரோட்டில் ஒரு நண்பரின் குடோனுக்குள் அப்படி ஒரு வண்டி தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. போய்ப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே டயரின் பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருக்கிறது. ஜன்னல் ரப்பர் காய்ந்து உரிகிறது. ஒயரை எலி கடித்திருக்கிறது. தண்ணீர் மோட்டார் இறுகிப்போய்விட்டது. கதவைத் திறந்தால் தேங்கிய தண்ணீரின் வாடை. கார் கன்சல்டிங்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இதையே சாதா வேனாக் கொண்டாந்திருந்தா இன்னைக்கே பணம் கொடுத்திருப்பேன்” என்று சொல்லிப் போனார்களாம். உள்ளே இழைத்த மர வேலைக்கும் ஏசிக்கும் விலை கொடுக்க ஆள் இல்லை.

கடைசியாக ஒரு வாதம் இருக்கிறது. அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். பெண்களும் வயதானவர்களும் வழியில் கழிப்பறைக்குப் படும் பாடு. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் பயணத்துக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பெண்கள் ஆறு மணி நேரம் அடக்கிக்கொண்டு வருகிறார்கள். பெட்ரோல் பங்க் கழிப்பறை பூட்டியிருக்கிறது, அல்லது உள்ளே கால் வைக்க முடிவதில்லை. ‘எங்க அம்மாவுக்காகத்தான் கேரவன்’ என்று ஒருவர் சொன்னால், அந்த அன்புக்கு முன்னால் நான் கணக்கு நோட்டை நீட்ட மாட்டேன். பக்கவாதம் வந்தவரையோ படுத்த நிலையில் இருப்பவரையோ அடிக்கடி தூரம் கூட்டிப்போக வேண்டிய வீட்டுக்கு இந்த வண்டி தேவையாகவே இருக்கலாம். மற்றவர்களுக்குச் சிக்கனமான வழி உண்டு. சர்ஜிக்கல் கடைகளில் மடக்கும் கமோடு நாற்காலி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாடகை வேனின் கடைசி வரிசை இருக்கையைக் கழற்றித் திரை கட்டித் தரச் சொல்லலாம். தெரிந்த வேன்காரர் செய்து தருவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான ஓட்டலில் நிறுத்துவது என்று கிளம்பும்போதே டிரைவரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தபோது வண்டியோடு சேர்த்தே நிறுத்துமிடங்களைப் பற்றியும் யோசித்தது. முதல் கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் வாகமனில் திறந்தது. வண்டி வாங்கும் தொழில்முனைவோரில் முதல் 100 பேருக்குத் தலா 7.5 லட்சம் அல்லது விலையில் 15 சதவீதம், எது குறைவோ அது மானியம் என்றும் அறிவித்தது. மானியம் கொடுத்துத் தொழிலாக நடத்தவேண்டியதை நாம் சொந்தக் காசில் வீட்டுச் செலவாகச் சுமக்கப் பார்க்கிறோம். தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது. வத்தலக்குண்டிலோ பழனி அடிவாரத்திலோ தண்ணீரும் மின்சாரமும் கழிவு வாங்கும் தொட்டியும் உள்ள ஓர் இடமாவது வரட்டும். அதற்கும் முன்னால், 44ஆம் எண் சாலையில் கட்டணம் வசூலிக்கிறவர்கள் கழிப்பறைகளை இருபத்து நாலு மணி நேரமும் திறந்து, கழுவி வைக்கட்டும். அது அரசுப் பேருந்தில் போகும் அம்மாவுக்கும் பயன்படும்.

அதுவரை, வாங்கியே தீர்வேன் என்று இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன், கேரளத்திலோ பெங்களூரிலோ வாடகைக்குக் கிடைக்கும் கேரவன் ஒன்றை மே மாதத்தில் எடுத்து, வீட்டுப் பெரியவர்களை ஏற்றி இரண்டு ராத்திரி தங்கிப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் கழிவுத் தொட்டியை நீங்களே காலி செய்துவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள்.